டாங்கி மொடலுக்கு வெதரிங்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் மொடல் கிட்டை ஒட்டி, பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் பலருக்கும் சந்தேகம் தொடங்குகிறது. வெதரிங் என்பது, மொடலை ஓடிப் பழகிய வண்டி மாதிரி அழுக்கும் தேய்வும் துருவும் பூசிக் காட்டுவது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை, நேரிலும் போனிலும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் 1/35 அளவு யுத்த வாகனங்களைப் பற்றியவை. குளிர்நாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகள் நம்முடைய காற்றில் உள்ள ஈரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த விஷயம் வரும் இடங்களில் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

அண்ணா, பெயின்ட் அடிச்சு டிகாலும் (சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டியாச்சு. இதுக்கு மேல ஏன் அழுக்காக்க வேணும்?

கட்டாயம் ஒன்றுமில்லை. தொழிற்சாலையிலிருந்து அன்றைக்கே இறங்கிய வண்டி, அணிவகுப்புக்குக் கழுவித் துடைத்த வண்டி என்று செய்தால் சுத்தமாகவே விடலாம். ஆனால் 35 மடங்கு சிறிதாக்கிய ஒரு பொருளில் போல்ட் தலைகளும் தகட்டு இடுக்குகளும் போதிய நிழல் விழுத்துவதில்லை. ஒரே நிறத்தில் அடித்த மொடல் விளையாட்டுச் சாமானாகத் தெரிவது அதனால்தான். அந்த நிழலை நாம் பூசிக் கொடுக்கவேண்டும். இது முதல் வேலை.

இரண்டாவது வேலை, அந்த வண்டி எங்கே, எந்தப் பருவத்தில், எவ்வளவு காலம் ஓடியது என்று காட்டுவது. 1944 இல் கொஹிமாவில் சண்டையிட்ட எம்3 லீ டாங்கியும், 1945 மார்ச்சில் மெய்க்டிலாவுக்குள் நுழைந்த ஷெர்மன் டாங்கியும் ஒரே பர்மாப் போர்முனையைச் சேர்ந்தவைதான். ஆனால் முதலாவது மலைச் சேற்றிலும் மழையிலும் நின்றது. இரண்டாவது பர்மாவின் வறண்ட வலயத்தில், கோடைப் புழுதிக்குள் ஓடியது. இரண்டுக்கும் ஒரே சேற்றை அப்பினால் ஒன்று நிச்சயம் பொய். எந்தக் கறையானாலும் அது வந்ததற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். கீழே நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

எந்த ஒழுங்கில செய்யிறது? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்றாங்க.

நான் செய்யும் ஒழுங்கு: அடிநிறம், குளொஸ் (பளபளக்கும்) வார்னிஷ், டிகால், அதன் மேல் இன்னொரு மெல்லிய வார்னிஷ், பில்டர் (முழு நிறத்தையும் இலேசாக மாற்றும் மிக ஐதான படை), வொஷ் (இடுக்குகளில் ஓடவிடும் ஐதான கடும் நிறம்), சிப்பிங் (பெயின்ட் உரிந்த தடங்கள்), மழைக் கோடுகள், மெட் (பளபளக்காத) வார்னிஷ், புழுதியும் சேறும், கடைசியில் எண்ணெய்க் கறையும் உலோகப் பளபளப்பும். உண்மையான வண்டியிலும் ஏறத்தாழ இந்த ஒழுங்கில்தான் நடக்கிறது. முதலில் பெயின்ட் மங்குகிறது, பிறகு உரசுப்படுகிறது, மழை வடிகிறது, எல்லாவற்றுக்கும் மேலே இன்றைய புழுதி படிகிறது.

இதை மாற்றக்கூடாது என்றில்லை. சிலர் சிப்பிங்கை வொஷ்ஷுக்கு முன்னால் செய்வார்கள். அப்படிச் செய்தால் கீறல்களின் மேலும் வொஷ் ஓடி அவை சற்று அடங்கித் தெரியும். அதுவும் நன்றாகவே இருக்கும். மெட் வார்னிஷுக்குப் பிறகுதான் புழுதி என்ற ஒன்றை மட்டும் மாற்றவேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

எனமல், அக்ரிலிக், லக்கர், ஒயில் பெயின்ட்... எதுக்கு மேல எதை அடிக்கலாம்?

கடுமையான கரைப்பான் கீழே, மென்மையானது மேலே. லக்கர் நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேல் எதையும் பூசலாம். அக்ரிலிக்கின் மேல் எனமலும் ஒயிலும் பூசலாம். வொஷ்ஷுக்கு எனமலையும் ஒயிலையும் பயன்படுத்துவதற்கு இதுதான் காரணம்: அவற்றைத் துடைக்கும் வைட் ஸ்பிரிட் (மினரல் டர்பன்டைன் வகைக் கரைப்பான்) கீழே இருக்கும் அக்ரிலிக்கையோ லக்கரையோ தொடாது. பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி பூசலாம்.

அக்ரிலிக் என்று எழுதியிருக்கும் எல்லாம் ஒரே சாமான் இல்லை. தமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப் வரிசைப் போத்தல்கள் அற்ககோல் சேர்ந்தவை. வலேஹோ நிறுவனத்தின் பெயின்ட் தண்ணீர் அடிப்படையிலானது. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலக்கவேண்டாம், திரிந்துவிடும். காயும் நேரத்தையும் கவனியுங்கள். போத்தலில் ஒரு நாள் என்று போட்டிருக்கும் எனமல், மழைக்காலத்தில் இங்கே இரண்டு நாள் கேட்கும். விரலை டாங்கியில் வைத்துப் பார்க்கவேண்டாம். அதே பெயின்ட்டை ஒரு பிளாஸ்டிக் கரண்டியிலும் பூசி வைத்து அதில் தொட்டுப் பாருங்கள்.

வெதரிங்குக்கெண்டு விக்கிற போத்தல்கள் இங்க சரியான விலை. வேற வழி இல்லையா?

இருக்கிறது. ஓவியர்கள் பயன்படுத்தும் ஒயில் பெயின்ட் டியூப்கள் ஐந்து போதும்: பேர்ன்ட் அம்பர், பேர்ன்ட் சியன்னா, மஞ்சள் ஓக்கர், வெள்ளை, கறுப்பு. வொஷ், பில்டர், துரு, மழைக்கோடு, எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் இவற்றிலிருந்தே கலந்து எடுக்கலாம். ஒரு டியூப் பல வருடம் வரும். பெயின்ட்டை டியூபிலிருந்து நேரே எடுக்காமல், ஒரு காட்போட் துண்டில் அரை மணித்தியாலம் வைத்துவிட்டு எடுங்கள். அதிலுள்ள எண்ணெயைக் காட்போட் உறிஞ்சிவிடும்; பெயின்ட் பளபளக்காது, சீக்கிரமும் காயும்.

புழுதி காட்டப் போடும் பிக்மென்ட் பவுடருக்கு (நிறத்தூள்) பதிலாக சோக் பாஸ்டலை உப்புத்தாளில் தேய்த்தெடுத்த தூளைப் பயன்படுத்தலாம். எண்ணெய்ப் பாஸ்டல் சரிவராது, உலர்ந்த பாஸ்டல்தான் வேண்டும். பிக்மென்ட் அளவுக்கு இது பிடிக்காது, நிறமும் கொஞ்சம் மங்கல். பழகுவதற்கு இது தாராளம்.

ஹார்ட்வெயார் கடை டர்பன்டைன் பாவிக்கலாமா? மண்ணெண்ணெய்? தின்னர்?

புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் ஒயில் வொஷ்ஷுக்குப் போதும். வாங்கியதும் ஒரு துளியை வெள்ளைத் தாளில் விட்டுக் காயவிடுங்கள். எண்ணெய்க் கறை எஞ்சினால் அதைப் பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், மேலே பிசுக்கு விட்டுப்போகும், அதில் புழுதி ஒட்டும். பஞ்சிகாவத்தையில் கார் பெயின்ட்டுக்கு விற்கும் தின்னர் பிளாஸ்டிக்கையே கரைக்கும். எயார்பிரஷ் (காற்றால் பெயின்ட் தூவும் கருவி) கழுவ மட்டும்தான் அது.

தம்பி, என்ட மகன் அறையைப் பூட்டிக்கொண்டு தின்னர் வாசத்துக்குள்ளேயே இருக்கிறான். ஆபத்தில்லையா?

ஆபத்துத்தான் அம்மா. கேட்டது நல்லது. மருந்துக் கடையில் விற்கும் சாதாரண முகக்கவசம் தூளைக் கொஞ்சம் மறிக்கும், கரைப்பான் ஆவியை மறிக்காது. ஸ்பிரே அடிப்பதானால், ஓர்கானிக் ஆவிக்கு என்று குறிப்பிட்ட கார்ட்ரிஜ் பூட்டிய அரைமுகக் கவசம் வேண்டும். பெயின்ட் வேலைக்கான பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். அதோடு ஜன்னலும் திறந்திருக்கவேண்டும். ஒரு மின்விசிறி காற்றை வெளியே தள்ளவேண்டும். பக்கத்தில் நெருப்புக் கூடவே கூடாது, நுளம்புத்திரிகூட.

பிக்மென்ட் தூளைக் கையாளும்போது மட்டும் சாதாரண தூசிக் கவசம் போதும். பிரஷ்ஷை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

மெட் வார்னிஷ் அடிச்சதும் டாங்கி முழுக்க வெள்ளையாப் படிஞ்சிட்டுது. எல்லாம் போச்சா அண்ணா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது, அதுவும் மே மாதத்துக்குப் பிறகு. எல்லாம் போகவில்லை. ஆனால் எதனால் வந்தது என்று முதலில் பார்க்கவேண்டும், ஏனென்றால் இரண்டு காரணங்கள் ஒரே மாதிரித் தெரியும். ஒன்று ஈரம். ஸ்பிரேயிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது; காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, காயும் வார்னிஷுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. மற்றது, கேனை ஒழுங்காகக் குலுக்காதது அல்லது தடிப்பாக அடித்தது. மெட் வார்னிஷில் வெளிச்சத்தைச் சிதறடிக்க ஒரு நுண்தூள் கலந்திருக்கும். அது ஓரிடத்தில் சேர்ந்தால் வெள்ளையாகிறது. எல்லா இடமும் ஒரே சீராகப் பனி படர்ந்திருந்தால் பெரும்பாலும் ஈரம். இடுக்குகளிலும் மூலைகளிலும் மட்டும் வெள்ளை சேர்ந்திருந்தால் தூள்.

ஈரத்தால் வந்ததென்றால், காற்று உலர்ந்த நேரமாகப் பார்த்து அதே வகை வார்னிஷை மிக மெல்லியதாக ஒருமுறை அடியுங்கள். லக்கர் என்றால் மெதுவாகக் காயும் லெவலிங் தின்னரை எயார்பிரஷ்ஷால் தூவலாம். மேல்படை கொஞ்சம் இளகி, உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேறும். நனைய அடிக்கவேண்டாம், கீழே இருக்கும் எனமல் வொஷ் கரைந்துவிடும். தூளால் வந்ததென்றால் முதலில் குளொஸ், அது காய்ந்த பிறகு மெல்லிய மெட். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

வராமல் தடுப்பது இதைவிட எளிது. கொழும்பில் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்துக்கு மேல்தான் நிற்கும். விடியற்காலையிலும் மழை பெய்து ஓய்ந்த கையோடும் இன்னும் ஏறும். ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கி மேசையில் வையுங்கள், விலை அதிகமில்லை. வெயில் எறிக்கும் நாளில் பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடிமழை வருமென்பதால் மத்தியானத்துக்குள் முடித்துவிடுங்கள். ஜனவரி, பெப்ரவரிதான் வார்னிஷுக்கு ஏற்ற மாதங்கள். முடித்த மொடல்களைச் சேர்த்து வைத்து அப்போது அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏசி அறை இருந்தால் அடிப்பதற்கு முன்னும் பின்னும் மொடலை அங்கே வையுங்கள். ஆனால் ஏசியில் குளிர்ந்த மொடலை அப்படியே பல்கனிக்குக் கொண்டுபோய் ஸ்பிரே அடிக்கக்கூடாது. குளிர்ந்த பிளாஸ்டிக்கில் ஈரம் உடனே படியும்.

இன்னொரு வழி, ஸ்பிரே கேனையே விட்டுவிட்டு, தண்ணீர் அடிப்படையிலான மெட் வார்னிஷைப் பிரஷ்ஷாலோ எயார்பிரஷ்ஷாலோ பூசுவது. அதில் இந்த வெள்ளைப் பிரச்சினை மிகக் குறைவு. தொடர்மாடியில் குழந்தைகளோடு இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

டிகாலுக்குக் கீழ வெள்ளி மாதிரி மினுங்குது. எப்படி எடுக்கிறது?

அது காற்று. மெட் பெயின்ட்டின் கரடுமுரடான மேற்பரப்பில் டிகால் படியாமல் நிற்கிறது. அதற்காகத்தான் முன்னால் சொன்ன குளொஸ் வார்னிஷ். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதென்றால், மெல்லிய ஊசியால் மினுங்கும் இடத்தில் சில துளைகள் குத்தி, மைக்ரோ சோல் போன்ற இளக்கும் திரவத்தை ஒரு துளி விடுங்கள். டிகால் சுருங்கிப் பயம் காட்டும். தொடாமல் விட்டால் காயும்போது தானாகப் படிந்துகொள்ளும்.

பழைய கிட்டின் டிகால் தாள் மஞ்சளித்திருந்தால், பிளாஸ்டிக் உறையில் போட்டு வெயில் விழும் ஜன்னலில் சில நாட்கள் ஒட்டி வையுங்கள். வெளுத்துவிடும். இந்த ஒரு வேலைக்கு நம்முடைய வெயில் நல்ல உதவி.

வொஷ் போட்டேன், முழு டாங்கியும் ஊத்தையா வந்திட்டுது. வேற நிறம் மாதிரி இருக்கு.

முழுவதும் பூசியதால் அப்படி. முழு வண்டியின் நிறத்தையும் இலேசாக மாற்றுவது பில்டரின் வேலை, அது இன்னும் நிறைய ஐதாக இருக்கவேண்டும். வொஷ்ஷை இடுக்கில் மட்டும் விடுங்கள்: மெல்லிய பிரஷ் நுனியால் போல்ட்டின் அடியில் தொட்டால் அது தானாக வட்டமாக ஓடிச் சூழ்ந்துகொள்ளும். கால் மணித்தியாலம் கழித்து, வைட் ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தெடுத்த, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் மிச்சத்தை இழுத்து எடுங்கள். செங்குத்தான பக்கங்களில் எப்போதும் மேலிருந்து கீழே. மழைத்தண்ணீர் அந்த வழியில்தான் போகும்.

நிறம் கறுப்பாக இருக்கவேண்டியதில்லை. பச்சை வண்டிக்குக் கடும் மண்ணிறம், மணல் மஞ்சளுக்கு இளம் மண்ணிறம், ஜெர்மன் சாம்பலுக்குக் கறுப்பும் மண்ணிறமும் கலந்தது. வெள்ளை பூசிய குளிர்கால வண்டிக்குக் கறுப்பு விட்டால் கோடு கீறிய படமாகிவிடும்.

வொஷ் விட்ட கையோட சில்லுத் தண்டு வெடிச்சிட்டுது. பிளாஸ்டிக் கூடாததா?

பிளாஸ்டிக்கில் பிழையில்லை. பெயின்ட் படாத வெறும் பிளாஸ்டிக்கில் எனமல் தின்னர் ஊறினால், இழுவிசையில் இருக்கும் பாகங்கள் வெடிக்கும். இறுக்கமாகச் செருகிய அச்சு, வளைத்துப் பூட்டிய துண்டு எல்லாம் அந்த வகை. அடிப்பக்கமும் உட்பக்கமும் தெரியாது என்று பெயின்ட் அடிக்காமல் விடாதீர்கள். வொஷ்ஷைக் குளம் கட்டவும் விடாதீர்கள். வெடித்ததை ஒட்டும் முன் இரண்டு நாள் காயவிட்டு, உள்ளே மெல்லிய பித்தளைக் கம்பி செருகி ஒட்டினால் பிடிக்கும்.

சிப்பிங் எவ்வளவு செய்யலாம்? எனக்கு நிறுத்தவே மனம் வருதில்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 1/35 இல் ஒரு மில்லிமீற்றர் பொட்டு, உண்மையான வண்டியில் 3.5 சென்ரிமீற்றர். அரை மில்லிமீற்றர் என்பது ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் பெயின்ட் உரிந்த இடம். ஸ்பஞ்சால் ஒற்றி ஒற்றி நாம் போடும் புள்ளிகள் பல இதைவிடப் பெரியவை. ஆகவே ஸ்பஞ்சில் பெயின்ட் எடுத்ததும் முக்கால்வாசியை டிஷ்யூவில் ஒற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது இடம். யார் கால் வைக்கிறார், எது உரசுகிறது? மூடியின் விளிம்பு, ஓட்டுநர் ஏறும் வழி, கருவிப்பெட்டி மூடி, முன் மட்கார்ட், மரங்களில் இடிபடும் பக்கத் தகடுகள். கோபுரத்தின் பக்கச்சுவர் நடுவில் யாரும் கால் வைப்பதில்லை. அங்கே காரணமில்லாமல் புள்ளி போடாதீர்கள். பிறகு ஆழம். மேலோட்டமான கீறலுக்கு அடிநிறத்தில் கொஞ்சம் வெளிறியது. உலோகம் வரை போனதற்கு கறுப்போடு சேர்ந்த கடும் மண்ணிறம். வெளிறிய கீறலின் நடுவே கடும் புள்ளியை வைத்தால் கண்ணுக்கு ஆழம் தெரியும். வெள்ளி நிறத்தைக் கடைசி வரைக்கும் தொடவேண்டாம். தினமும் கைபடும் விளிம்புகளில் 4பி பென்சிலை இலேசாகத் தேய்த்தால் அந்த மினுக்கம் வரும்.

ஜெர்மன் வண்டிகளில் பெயின்ட்டுக்குக் கீழே செம்மண்ணிற பிரைமர் இருந்தது. 1943 பெப்ரவரியில் அடிநிறம் கடும் சாம்பலிலிருந்து கடும் மஞ்சளுக்கு மாறியது. அதற்கு முன் வந்து பிறகு மஞ்சள் பூசப்பட்ட வண்டியென்றால் கீறலுக்குள் சாம்பல் தெரிவதில் நியாயமுண்டு. 1943 பிற்பகுதிக்கும் 1944 செப்டெம்பருக்கும் இடையில் தொழிற்சாலையில் சிம்மரிட் பசை (காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கப் பூசியது) பூசிய டாங்கியென்றால், பசை பொரிந்த இடம் கட்டியாக உதிரவேண்டும்; கோடு கோடாகக் கீறக்கூடாது.

ஹெயார் ஸ்பிரே முறை எண்டுறாங்களே, அது என்ன?

முதலில் பிரைமர் நிறமோ துரு நிறமோ அடித்து, லக்கர் வார்னிஷால் பூட்டுங்கள். காய்ந்ததும் சலூனில் பாவிக்கும் ஹெயார் ஸ்பிரே இரண்டு மெல்லிய படை. அதன் மேல் அக்ரிலிக் அடிநிறம். அது தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்தவுடன், தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் இடத்தை நனைத்து, சிறிது பொறுத்து, கட்டைப் பிரஷ்ஷால் தேய்த்தால் மேல் நிறம் உண்மையாகவே உரியும். தமியா அக்ரிலிக் இதற்கு நல்லது, சிறு சிறு துகளாக உரியும். வலேஹோ தோல் மாதிரி இழுபட்டு வரும்.

அடுத்த நாள் வரை விடாதீர்கள், பெயின்ட் இறுகிவிடும். குளிர்காலத்துக்கு வெள்ளை பூசிய சோவியத், ஜெர்மன் வண்டிகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அந்த வெள்ளை தற்காலிகமாகப் பூசி, ஆட்கள் ஏறி இறங்கிக் கழன்றது; மொடலிலும் அதே வழியில் கழல்கிறது.

வியட்நாம் எம்113 ஒண்டுக்கு நல்லாத் துரு பூசினேன். ஒருத்தர் பிழை எண்டு சொல்றார். ஏன்?

அவர் சொன்னது சரி. எம்113 என்ற அமெரிக்கக் கவச வாகனத்தின் உடல் அலுமினியக் கவசம், அலுமினியம் செந்துருப் பிடிக்காது. அதில் உரிந்த இடம் மங்கிய வெள்ளிச் சாம்பலாகத் தெரியும். அமெரிக்க இராணுவ வாகனமான ஹம்வீயின் உடலும் அப்படித்தான், பிரித்தானிய ஸ்கோர்பியன் டாங்கியும் அப்படித்தான். ஆனால் சங்கிலி, இழுவைக் கம்பி, மண்வெட்டித் தலை, புகைக்குழாய் எல்லாம் உருக்கு. அவற்றில் துரு வைக்கலாம். பூசியதை முழுக்க அழிக்கவேண்டியதில்லை. மத்திய வியட்நாமின் மேட்டுநிலம் செம்மண். துரு இருக்கும் இடங்களில் செம்மண் நிறப் பிக்மென்ட்டைச் சுற்றிப் பரப்பினால் அது புழுதியாக மாறிவிடும்.

உருக்கு வண்டியிலும் துருவை அளவாக வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டாங்கியை ஆட்கள் பராமரிக்கிறார்கள். தடித்த கவசத்தைவிட மெல்லிய மட்கார்ட்டும், சூட்டில் பெயின்ட் எரிந்துபோகும் புகைக்குழாயும்தான் முதலில் துருப்பிடிக்கும். புகைக்குழாய்க்கு ஒரே செம்மஞ்சள் போதாது: அடியில் கடும் மண்ணிறம், மேலே திட்டுத் திட்டாக பேர்ன்ட் சியன்னா, அங்கங்கே ஓக்கர், வாயில் மட்டும் கறுப்புப் புகை. துருவில் பழையது கடுமை, புதியது பிரகாசம்.

சங்கிலிக்கு வெள்ளி அடிக்கிறதா, துரு அடிக்கிறதா?

நிலத்தில் படும் இடமும் சில்லு ஓடும் தடமும் மட்டும் மினுங்கும். மற்றதெல்லாம் கடும் மண்ணிறமும் மண்ணும். ரப்பர் கட்டை பதித்த சங்கிலிகளில் நிலத்தில் படுவது ரப்பர். ஷெர்மன்கள் பலவற்றிலும் லீயிலும் அந்த வகைதான். அங்கே வெள்ளி வரவே கூடாது. ஓரத்தில் உள்ள இணைப்புகள் மட்டும் மினுங்கட்டும். சில்லின் ரப்பர் விளிம்புக்கும் சிப்பிங் இல்லை, புழுதி மட்டும்.

தோட்டத்து மண்ணையே ஒட்டினா என்ன? அதுதானே உண்மையான மண்?

நிறமும் மணியளவும் இடிக்கும். அரை மில்லிமீற்றர் மணல்மணி 1/35 இல் 17.5 மில்லிமீற்றர் கல். ஆகவே தேத்தண்ணீர் வடியிலும் பிறகு பழைய நைலோன் காலுறைத் துணியிலும் அரித்த மாத்தூள்தான் உதவும். அதையும் அவணில் நன்றாகச் சூடாக்கிய பிறகே பயன்படுத்துங்கள். உயிர்ப்பொருள் இருந்தால் நம் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கல்கிசைக் கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

நிறத்தை எப்போதும் மேலே பிக்மென்ட்டால் கொடுங்கள். கொழும்பின் கபுக்கல் மண்ணும் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணும் நம் கண்ணில் பதிந்திருப்பதால் எல்லா டாங்கியையும் சிவப்பாக்கிவிடுகிறோம். உக்ரேனின் கரிசல் ஈரத்தில் கிட்டத்தட்டக் கறுப்பு, காய்ந்தால் சாம்பல் மண்ணிறம். லிபியப் பாலைவனப் புழுதி வெளிறிய மஞ்சள். சேற்றுக்கு நான் கலப்பது பிளாஸ்டர் தூள், பிக்மென்ட், அக்ரிலிக் மெட் மீடியம். பழைய சேறு வெளிறியது, வண்டியின் மேல்பகுதியில். புதியது கடுமையும் ஈரமும், கீழ்ப்பகுதியில். மூன்று படையாவது வேண்டும். கட்டைப் பிரஷ்ஷில் எடுத்துப் பல்குத்தும் குச்சியில் தட்டினால் சில்லு வாரி அடித்த மாதிரித் தெறிக்கும்.

சேறு எங்கே போகும் என்று தெரிந்துகொள்ள, கட்டட வேலைத்தளத்திலிருந்து வரும் டிப்பர் லொறி ஒன்றின் பக்கத்தில் நின்று பாருங்கள். மட்கார்ட்டின் உள்பக்கம் ஈரக் கடும் நிறம். அதன் விளிம்பில் காய்ந்து வெளிறிய ஒரு வரி. சில்லின் நடுவில் கிறீஸ் கசிந்த இடத்தில் புழுதி ஒட்டி எண்ணெய்க் கறுப்பாகி, அங்கிருந்து ஆரம் ஆரமாக வெளியே இழுபட்டிருக்கும். படியில் சப்பாத்து மண், அதுவும் நடுவில் தேய்ந்து ஓரங்களில் மட்டும். பெக்கோ இயந்திரத்தின் சங்கிலியில் மண் எங்கே இறுகி நிற்கிறது, எங்கே தானாக உதிர்கிறது என்பதையும் கவனியுங்கள். எந்தக் கிட் பெட்டிப் படத்தைவிடவும் இது நல்ல பாடம்.

பிக்மென்ட் அழகாப் போட்டு வார்னிஷ் அடிச்சேன். எல்லாம் மறைஞ்சிட்டுது.

அதனால்தான் புழுதியை மெட் வார்னிஷுக்குப் பிறகு வைத்தேன். வார்னிஷ் தூளை நனைத்துக் கண்ணாடியாக்கிவிடும். பிக்மென்ட்டைப் பிடிக்க வைக்க, உலர்ந்த தூளைப் போட்டுவிட்டு, வைட் ஸ்பிரிட் அல்லது பிக்மென்ட் ஃபிக்ஸர் தொட்ட பிரஷ் நுனியைப் பக்கத்தில் வையுங்கள். அது தானாக ஊறிப் போகும். நனைந்தவுடன் நிறம் கடுமையாகி இல்லாமல் போன மாதிரித் தெரியும். காய்ந்ததும் திரும்பி வரும், அவசரப்பட்டு மேலும் கொட்டாதீர்கள். பிறகு அந்த இடத்தில் கைபடக் கூடாது. மொடலை ஆரம்பத்திலேயே ஒரு பலகையில் பூட்டிவிடுவது நல்லது.

எல்லாம் செய்தும் உயிரில்லாமல் இருக்கு. எதைக் காணேல்லை?

பெரும்பாலும் பளபளப்பில் உள்ள வித்தியாசம். முழு வண்டியும் ஒரே மெட் என்பது உண்மையில் இல்லை. எரிபொருள் மூடியைச் சுற்றி வழிந்த கறை மினுங்கும். அதன் நடு புதியது, ஓரம் பழசாகிப் புழுதி பிடித்தது. சில்லு நடுவின் கிறீஸ், பெரிஸ்கோப் கண்ணாடி, ஈரச் சேறு, சாமான் மேல் போட்ட தார்ப்பாய், கோடரிப் பிடியின் மரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பளபளப்பு. பேர்ன்ட் அம்பரும் கறுப்பும் கலந்த ஒயிலோடு ஒரு துளி குளொஸ் வார்னிஷ் சேர்த்து எரிபொருள் மூடிக்குக் கீழே ஒரு வழிசல் இழுத்துப் பாருங்கள். அந்த ஒரு இடமே முழு மொடலையும் மாற்றும்.

இதெல்லாம் 1/72 க்கும் சரிவருமா?

வரும், பாதியாகக் குறைத்து. அங்கே ஒரு மில்லிமீற்றர் 7 சென்ரிமீற்றருக்கு மேல். சிப்பிங் கிட்டத்தட்ட வேண்டாம், விளிம்பில் பென்சில் போதும். வொஷ்ஷும் புழுதியும்தான் அங்கே வேலை செய்யும்.

போதும் எண்டு எப்படித் தெரியும்?

கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். என்ன வண்டி, என்ன நிறம் என்பதற்கு முன் கறைதான் கண்ணில் படுகிறதென்றால் கூடிவிட்டது. ஒரே இரவில் முடிக்காதீர்கள். விளக்கு வெளிச்சத்தில் குறைவாகத் தெரிந்த துரு, காலை வெளிச்சத்தில் கத்தும். போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பதும் உதவும். யுத்தகாலப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, புழுதி எவ்வளவு வெளிறியது, எங்கே இருட்டு என்று நேரே ஒப்பிடலாம்.

வீட்டில அம்மாவுக்கு டாங்கியைக் கண்டாலே பிடிக்காது. என்ன செய்யலாம்?

அம்மாவின் பக்கம் நியாயம் இருக்கிறது. நம் வீடுகள் பலவற்றில் இந்த வாகனங்களை நேரில் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் ஹோலில் அதை வைக்கவேண்டாம், விளக்கம் சொல்லி வெல்லவும் பார்க்கவேண்டாம். உங்கள் அறையில், மூடிய அலுமாரியில் வையுங்கள். இங்கே நடந்த யுத்தத்தின் வாகனங்களை நான் செய்வதில்லை, கேட்டாலும் செய்து கொடுப்பதில்லை.

இந்த வேலைப்பாட்டில்தான் ஆசை என்றால், அதற்கு டாங்கியே வேண்டுமென்றில்லை. 1/24 அளவில் லொறி, டிராக்டர் கிட்கள் வருகின்றன. வயலில் நின்ற டிராக்டரின் மட்கார்ட்டில் மங்கிய சிவப்பு, இருக்கையில் தேய்ந்த இரும்பு, சில்லில் காய்ந்த சேறு. மேலே சொன்ன எல்லாமே அங்கே உண்டு. அம்மாவே வந்து பார்ப்பா.

முடிச்ச மொடல் ரெண்டு வருஷத்தில பூஞ்சணம் பிடிச்சிட்டுது. எப்படி வைக்கிறது?

மூடிய கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள். நிறம் மாறும் வகை வாங்கினால், மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி வைக்கலாம். வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரி வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரமாகும். நேர் வெயிலும் வேண்டாம், நிறம் வெளுக்கும். மெரின் டிரைவ் பக்கம் இருப்பவர்கள் ஜன்னலோரத்தில் வைக்கவே கூடாது. கடற்காற்றின் உப்பு பித்தளைப் பாகங்களில் பச்சை பிடிக்க வைக்கும்.

பிடித்த பூஞ்சணத்தை முதலில் வெளியே கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான மேக்கப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். மிச்சத்தை வைட் ஸ்பிரிட் தொட்ட கொட்டன் பட்டால் ஒற்றுங்கள், தேய்க்கவேண்டாம். அற்ககோல் பாவிக்காதீர்கள், அக்ரிலிக் கரையும். சூடாக்காத மண்ணோ காய்ந்த புல்லோ ஒட்டியிருந்தால் அது இருக்கும் வரை பூஞ்சணம் திரும்பி வரும். அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு பிளாஸ்டர் கலவையால் மறுபடி போடுங்கள்.